முதுமையின் மேற் சுமத்தப்படும் பழி

கைத்தொலைபேசியிற் சீழ்க்கையொலி ஒன்றை எழுப்பி, அதன் மீடிறனைப் படிப்படியாக உயர்த்தி, எந்த எல்லையில் அது செவிக்கு எட்டாது போகின்றதெனப் பார்ப்பது இன்று பலருக்கும் பொழுதுபோக்காகிவிட்டது. 17000 ஹேர்ட்ஸ் கேட்ட மகன் பெருமிதங் கொள்கின்றான். 12000 ஹேர்ட்ஸுடன் நின்றுவிட்ட தந்தை, வயது போனால் அப்படித்தான் என்று அமைதியடைகின்றார். அப்பெருமிதமும் பொய், அவ்வமைதியும் பொய்.

இச்சோதனை புதியதன்று. பிரான்சிஸ் கால்ற்றன் 1876இல் இதற்கென ஒரு சீழ்க்கைக் குழலையே அமைத்தார். நத்தைச்சுருளின் அடிப்பகுதியில் உயர் மீடிறனை உணரும் மயிர்க்கலங்கள் முதலில் அழிகின்றன என்பதும், அழிந்தவை மீள முளைப்பதில்லை என்பதும் உண்மையே. ஆயின், கைத்தொலைபேசியின் சிற்றொலிபெருக்கி உயர் மீடிறன்களைச் சீராக வெளியிடுவதில்லை. அளக்கப்படுவது செவியா, கருவியா என்பதே ஐயத்துக்குரியது. அன்றியும், மனிதர் பேச்சை விளங்கிக்கொள்ள 17000 ஹேர்ட்ஸ் வேண்டுவதுமில்லை.

நற்பிட்டிமுனையில் ஒரு முதியவருக்குப் பேரன் ஸலாம் சொல்கின்றான் எனக் கொள்க. உயிரொலிகள் தாழ்ந்த மீடிறனில் வலிமையுடன் ஒலிப்பதால், யாரோ பேசுவது அவருக்குக் கேட்கும். ஸகரத்தின் வலிமையோ பெரும்பாலும் 4000 ஹேர்ட்ஸுக்கு மேலே உள்ளது. எனவே பேசியது இன்னதென விளங்காது; சந்தையும் தந்தையும் ஒன்றாகிவிடும். இரண்டு முறை திரும்பக் கேட்டவரை மூன்றாம் முறை வீட்டார் பேச்சிற் சேர்ப்பதில்லை. உண்மையான இழப்பு இதுவே. சீழ்க்கை விளையாட்டு இதனைத் தொடுவதேயில்லை.

இவ்விழப்பு முழுவதற்கும் முதுமையா பொறுப்பு? சாமுவேல் றோசனும் அவரது குழுவினரும் சூடானின் மபான் மக்களை ஆராய்ந்து 1962இல் வெளியிட்ட முடிவு வேறு. பேரிரைச்சலற்ற சூழலில் வாழ்ந்த அம்மக்களின் முதியோர், நகரத்து முதியோரினும் நன்கு கேட்டனர். உணவுக்கும் இரத்தவோட்டத்துக்கும் அதிற் பங்குண்டெனினும், இரைச்சலின் குற்றம் மறைவதில்லை. நெல் ஆலையும் உழவு இயந்திரமும் கலியாண வீட்டு ஒலிபெருக்கியும் இளைஞரின் இயர்போனும் செவியைத் தாக்கும்போது, சேதம் முதலில் 4000 ஹேர்ட்ஸை அண்டியே தோன்றுகின்றது. வாரத்துக்கு 40 மணித்தியாலம், 80 டெசிபெல் என்பதே உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. இரைச்சல் செய்த கேட்டை வயதின் கணக்கில் எழுதுவது, குற்றவாளியைத் தப்பவிடுவதாகும்.

சோதிப்பதேனும் நன்றல்லவா என்பர் சிலர். சோதிக்கட்டும், ஆனால் பேச்சைச் சோதிக்கட்டும். அந்நிறுவனம் 2019இல் வெளியிட்ட கைத்தொலைபேசிச் சோதனை, இரைச்சலினூடே சொல்லப்படும் எண்களை இனங்காணச் செய்வது. அதில் தவறியவருக்கு, அமைதியான அறையில் 250 முதல் 8000 ஹேர்ட்ஸ் வரை கேள்திறன்மானியால் அளத்தல் வேண்டும். நடுவயதில் கவனியாது விடப்படும் கேள்குறை, மறதிநோய்க்கு வழிவகுக்கும் தவிர்க்கத்தக்க காரணிகளுள் ஒன்றென லான்செற் ஆணைக்குழு 2017இலேயே உரைத்துவிட்டது.

கண்ணாடி அணிய நாணாத சமூகம் செவிக்கருவிக்கு நாணுகின்றது. ஆலைத் தொழிலாளியின் செவியை ஆண்டுதோறும் அளக்குமாறு கேட்க வேண்டிய கற்றோர், தம் செவியின் உச்ச எல்லையைக் கண்டு மகிழ்கின்றனர். கேள்குறை எவரிடத்து உள்ளதென்பது இதனால் விளங்கும்.