வெட்டச் சொல்வது எளிது, எங்கே வெட்டுவது?

புரோகிராமிங் கற்றுத் தரும் புத்தகங்களில் ஸ்ட்ரிங்கைத் துண்டுகளாகப் பிரிக்கும் பாடம் பெரும்பாலும் அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. நான்கு பழங்களின் பெயர்களைக் கமா போட்டு எழுதுவார்கள். ஒரு கட்டளை கொடுப்பார்கள். நான்கு பெயர்களும் தனித்தனியே வந்து நிற்கும். அடுத்த பாடத்திற்குப் போய்விடுவார்கள். இந்தப் பாடத்தை இப்படி முடிப்பது தவறு என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போமா?

முதலில் நீங்களே செய்து பாருங்கள். இதற்கென எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள குரோம், எட்ஜ் அல்லது பயர்பாக்ஸ் பிரவுசரே போதும். பிரவுசரைத் திறந்து எப்12 கீயை அழுத்துங்கள். (சில லேப்டாப்களில் எப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும்.) கிடைக்கும் கட்டத்தில் கன்சோல் என்ற டேபில் கிளிக் செய்திடுங்கள். அங்கே இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் இட்லி,தோசை,பொங்கல் என டைப் செய்திடுங்கள். அதனை ஒட்டி ஒரு புள்ளி வைத்து, ஸ்பிளிட் என்ற சொல்லை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அமையுங்கள். பின் அடைப்புக் குறிகளுக்குள், மேற்கோளிட்டு ஒரு கமா கொடுத்து என்டர் தட்டுங்கள். மூன்று துண்டுகள் கொண்ட ஓர் அரே கிடைக்கும்.

அரே என்பது எண் ஒட்டிய அறைகளின் வரிசை. ஜாவா ஸ்கிரிப்ட் மொழியில் முதல் அறையின் எண் 0. எனவே இட்லி 0லும், தோசை 1லும், பொங்கல் 2லும் இருக்கும். இதே வேலைக்கு விசுவல் பேசிக் மொழியில் 1998ல் வந்த ஆறாவது பதிப்பிலிருந்து ஸ்பிளிட் உண்டு. பைத்தானிலும் அதே பெயர்தான். பிஎச்பி மொழியில் மட்டும் எக்ஸ்புளோட் என்று வெடி வைப்பது போலப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதுவரை இனிப்புதான். இப்போது பலகாரத்தை விட்டுவிட்டு ஒரு மனிதரின் தகவலைக் கொடுப்போம். பெயர், முகவரி, பின்கோடு என மூன்று தகவல்கள். ஆ.முருகன்,12, வடக்குத் தெரு, திருநெல்வேலி,627001 என்று டைப் செய்து, முன்பு போலவே கமாவில் வெட்டுங்கள். மூன்று துண்டுகளுக்குப் பதில் ஐந்து வரும். பின்கோடு இருக்க வேண்டிய 2ஆம் அறையில் வடக்குத் தெரு உட்கார்ந்திருக்கும். கம்ப்யூட்டர் எந்தப் பிழைச் செய்தியும் தராது. ஏனென்றால் அதனைப் பொறுத்தவரை பிழையே நடக்கவில்லை. கமாவில் வெட்டு என்றோம், வெட்டிவிட்டது. எது பிரிக்கும் கமா, எது முகவரியின் கமா என்பது நமக்குத்தான் தெரியும்.

சிஎஸ்வி என்ற வகை பைல்களில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. கமா உள்ள தகவலை இரட்டை மேற்கோளுக்குள் அடைத்துவிடுவார்கள். 2005ல் வெளியான ஆர்எப்சி 4180 என்ற ஆவணம் இதனை எழுதி வைத்திருக்கிறது. ஆனால் ஸ்பிளிட்டுக்கு மேற்கோள் குறியின் அர்த்தம் தெரியாது. அதற்குள்ளும் புகுந்து வெட்டிவிடும். இந்த பைல்களைப் படிப்பதற்கென்றே பைத்தான் மொழியில் தனி மாட்யூல் இருக்கிறது. அதனைப் பயன்படுத்துவதே சரி.

முகவரி தவறினால் கடிதம் திரும்பி வரும். பெயர் தவறினால்? முழுப் பெயரை வாங்கி, இடைவெளியில் ஸ்பிளிட் செய்து, முதல் துண்டு பெயர், இரண்டாவது துண்டு குடும்பப் பெயர் என்று வைத்துக்கொள்ளும் புரோகிராம்கள் உண்டு. எஸ். கமலா என்று கொடுத்தால், பெயர் எஸ், குடும்பப் பெயர் கமலா! இடைவெளி விடாமல் எஸ்.கமலா என்று கொடுத்தால் இரண்டாவது அறையே இருக்காது. நம் ஊரில் பலருக்குக் குடும்பப் பெயர் என்பதே கிடையாது; தந்தை பெயரின் முதல் எழுத்துதான் முன்னால் நிற்கும். ஒரு நிறுவனத்திலிருந்து எனக்கு வரும் மெயில்கள் எல்லாம் என் இன்ஷியலைக் கூப்பிட்டே வணக்கம் சொல்கின்றன. அதில் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் ஓர் அடையாள அட்டையில் ஒரு மாதிரியும், வங்கிக் கணக்கில் வேறு மாதிரியும் பெயர் பதிவானால், அலைய வேண்டியவர் அந்தக் கமலாதான். புரோகிராம் எழுதியவர் அல்ல. எனவே பெயரை ஒரே கட்டத்தில் வாங்கி, முழுதாக வைத்துக்கொள்ளுங்கள். வெட்டாதீர்கள்.

தமிழ் எழுத்துகளுக்கும் இதே கதிதான். மேற்கோளுக்குள் தமிழ் என்று கொடுத்து, வெற்று மேற்கோளால் ஸ்பிளிட் செய்திடுங்கள். எழுத்து எழுத்தாகப் பிரியும் என்றுதான் எதிர்பார்ப்போம். வருவது ஐந்து துண்டுகள். மி என்பது ம தனி, கொக்கி தனி. ழ் என்பது ழ தனி, புள்ளி தனி. யூனிகோட் இவற்றுக்குத் தனித்தனி எண்கள் கொடுத்திருப்பதே காரணம். மூன்று எழுத்துச் சொல்லை ஐந்து என்று எண்ணும் சொல் விளையாட்டைக் குழந்தைகளிடம் கொடுக்கலாமா? இதற்கு ஜாவா ஸ்கிரிப்டில் செக்மென்டர் என்ற வசதி உள்ளது. குரோமில் 2020லும், பயர்பாக்ஸில் 2024லும் வந்தது. அது த, மி, ழ் என மூன்றாகச் சரியாகப் பிரிக்கும்.

புரோகிராமிங் எனக்கு எதற்கு என்று கேட்கிறீர்களா? எக்ஸெல் தொகுப்பில் உள்ள டெக்ஸ்ட் டு காலம்ஸ் என்ற வசதியும் இதே வேலையைத்தான் செய்கிறது. வெட்டிய துண்டுகளைப் பக்கத்து நெட்டு வரிசைகளில் போடும். அங்கே ஏற்கெனவே டேட்டா இருந்தால், மாற்றி எழுதவா என்று கேட்கும். படிக்காமல் ஓகே கொடுத்தால், இருந்தது போய்விடும். எனவே முதலில் பைலுக்கு ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

எந்த மொழியானாலும் வெட்டும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். நான் பிரிக்கப் பயன்படுத்தும் குறி, தகவலுக்கு உள்ளேயும் வருமா? வரும் என்றால், தகவலில் வராத வேறு குறியை, டேப் போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எத்தனை துண்டுகள் வர வேண்டும்? வெட்டியவுடன் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை பொருந்தாத வரிகளைத் தனியே எடுத்து வைத்துக் கண்ணால் பாருங்கள். இந்த இரண்டையும் சொல்லித் தர இன்னும் அரைப் பக்கம் போதும். புத்தகம் எழுதுவோர் அதனை ஒதுக்கினால், நம் பெயர்களும் முகவரிகளும் முழுதாக இருக்கும்.