விழுந்தது விமானம், விழிக்குமா டில்லி?

2025 நவம்பர் 13ஆம் நாள், திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் நார்த்தாமலை அருகே விமானமொன்று வந்திறங்கியது. சேலத்திலிருந்து புறப்பட்ட செஸ்னா 172 ரகப் பயிற்சி விமானம் அது. வானில் கோளாறு கண்டதும், ஓடுதளம் தேட வழியின்றிச் சாலையையே தளமாக்கிக்கொண்டனர். விமானத்தின் முகப்பு உடைந்தது. உள்ளிருந்த இருவரும் உயிர் தப்பினர். இக்கட்டிலும் நிதானமிழக்காத அவர்களைப் பாராட்டுகிறோம்.

"உயிர்ச்சேதம் இல்லை" என்ற வரியோடு செய்தியை முடித்துவிடலாமா? முடிக்க நமக்கு மனமில்லை. விமானம் இறங்கியது வெட்டவெளியிலன்று. பேருந்தும் லாரியும் போகும் பாதையில்!

சாலையில் ஒரு நொடிக் கோளாறு என்ன செய்யும் என்பதை மேல்பட்டாம்பாக்கத்து மக்கள் அறிவார்கள். 2023 ஜூன் 19 அன்று அங்கே இரண்டு தனியார் பேருந்துகள் நேருக்கு நேர் மோதிப் பல உயிர்கள் பறிபோயின. நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு போகும் கடலூர்–பண்ருட்டிச் சாலை அது. அந்தச் சாலையில் ஒரு விமானமும் வந்திறங்கினால்? வீண் கற்பனை என்று ஒதுக்காதீர்கள். பக்கத்து நெய்வேலியில் ஓடுதளம் இருக்கிறது. உடான் திட்டத்தில் அதற்கு உயிரூட்டுவோம் என்று பேசிவருகிறார்கள். சிறு விமானம் வரட்டும், ஏழை வீட்டுப் பிள்ளையும் விமானியாகட்டும், வரவேற்கிறோம். ஆனால், விபத்து நேர்ந்தால் விசாரிப்பவர் யார்?

பறக்கும் பள்ளிக்கு அனுமதி அளிப்பதும், விமானம் தகுதியானதெனச் சான்று தருவதும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். விபத்தை ஆராய்வது, 2012இல் அமைந்த விமான விபத்து விசாரணைப் பணியகம். பெயர் இரண்டு, பலகை இரண்டு, மேலே இருக்கும் இலாகா ஒன்றுதான்! 2025 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த புதிய விமானச் சட்டமும் இந்த நிலையை மாற்றவில்லை. தான் எழுதிய தேர்வைத் தன் வீட்டாரே திருத்தினால் ஊர் நம்புமா?

இந்த நியாயம் டில்லிக்குத் தெரியாததன்று. ரயில் விபத்தை ரயில்வே இலாகாவே விசாரிக்கக்கூடாது என்று, 1941இலேயே ரயில்வே ஆய்வாளர்களை ரயில்வே போர்டின் பிடியிலிருந்து பிரித்தார்கள். இன்று ரயில்வே பாதுகாப்பு ஆணையம் எந்த இலாகாவின் கீழ் இருக்கிறது தெரியுமா? விமானப் போக்குவரத்து இலாகாவின் கீழ்! ரயிலுக்கு ஒரு நீதி, விமானத்துக்கு வேறொரு நீதியா? அமெரிக்கா 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தன் விபத்து விசாரணை வாரியத்தைப் போக்குவரத்து இலாகாவிலிருந்து முற்றாக விடுவித்தது. நாம் ஏன் தயங்கவேண்டும்?

"யாரும் சாகாத விபத்துக்கு இத்தனை ஆரவாரமா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். யாரும் சாகாத விபத்தே சிறந்த பாடப் புத்தகம். விமானிகள் உயிரோடு இருக்கிறார்கள், நடந்ததைச் சொல்வார்கள். எஞ்சின் எரிந்து சாம்பலாகவில்லை, அதுவும் சொல்லும். அந்தப் பாடத்தைப் படிக்கத் தவறினால், அடுத்த பாடத்தைப் பிணங்களின் நடுவே படிக்க நேரும்.

யாரையும் தண்டிக்கத் துடிக்கவில்லை நாம். விசாரணையின் நோக்கம் பழி சுமத்துவதன்று, மறு விபத்தைத் தடுப்பதே என்று அனைத்துலக விமான உடன்படிக்கையின் பதின்மூன்றாம் இணைப்பும் கூறுகிறது. அந்த நோக்கம் நிறைவேற, விசாரிப்பவருக்கு அஞ்சாத உரிமை வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இரண்டு. விசாரணைப் பணியகத்தை இலாகாவின் பிடியிலிருந்து விடுவித்து, நாடாளுமன்றத்துக்கு நேரே பொறுப்பாக்குங்கள். விபத்து அறிக்கைகளை, விமானம் விழுந்த ஊரின் மக்கள் படிக்கும் மொழியிலும் வெளியிடுங்கள். தமிழ்நாட்டுச் சாலையில் விழுந்த விமானத்தின் கதை தமிழில் வரட்டும்.

தலைக்குமேல் பறப்பது எதுவென்று அறியும் உரிமை, தரையில் நடப்பவனுக்கும் உண்டு!