அக்கரை கசந்தால் அடுத்த கரை எது?

இரவு மணி பதினொன்று. ஷார்ஜாவில் ஒரு மாடி வீடு. பிள்ளைகள் தூங்கி விட்டார்கள்.

வேலை முடிந்து வந்த கணவர், சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நாற்காலியில் சாய்ந்து விட்டார்.

"போதும்! இனி இந்த ஊர் வேண்டாம்" என்றார்.

மனைவி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

"சரிங்க. வேண்டாம் என்றால் விட்டு விடலாம். ஆனால் எங்கே போவது?"

கணவரிடம் பதில் இல்லை.

வளைகுடா நாடுகளில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் நடக்கும் பேச்சு இது. கும்பகோணம் பக்கத்துக் குடும்பம் ஒன்றில் நடந்ததாக வைத்துக்கொள்ளலாம்.

அவருக்கு வயது 42. கடன் வாங்கி விமானம் ஏறினார். 14 ஆண்டு ஓடி விட்டது. தங்கைக்குக் கல்யாணம் முடிந்தது. ஊரில் ஒரு வீடும் எழுந்தது. மூத்த மகள் ஒன்பதாம் வகுப்பு. மகன் ஐந்தாம் வகுப்பு.

கணவர் கனடா என்கிறார். மனைவி கும்பகோணம் என்கிறார். மகளோ, "என் பள்ளிக்கூடம் இங்கேதானே இருக்கிறது?" என்கிறாள்.

யார் சொல்வது சரி?

மூன்று பேரும் ஊரின் பெயரைச் சொல்கிறார்கள். முதலில் சொல்ல வேண்டியது ஊரின் பெயர் அல்ல. எது கசந்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும்!

எது கசந்தது?

வயிற்று வலி என்று வருகிறவருக்கு, நல்ல வைத்தியர் உடனே மருந்து கொடுப்பதில்லை. "எங்கே வலிக்கிறது?" என்று கேட்கிறார். ஊர் கசந்தவர்களும் அப்படித்தான் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிலருக்குப் பணம் கசக்கிறது. சவுதி அரேபியாவில் 2017 ஜூலையில், உடன் வாழும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் வந்தது. ஆண்டுக்கு ஆண்டு ஏறி, 2020-ல் அது 400 ரியால் ஆயிற்று. மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தால் மாதம் 1,600 ரியால்! பல பேர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பி விட்டுத் தனி ஆளாக நின்றார்கள்.

சிலருக்குத் தனிமை கசக்கிறது. தாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் ஓடிப்போய்ப் பார்க்க முடிவதில்லை.

சிலருக்குக் கசப்பது, காலடியில் நிலம் இல்லாத பயம். வளைகுடாவில் பெரும்பாலோருக்கு, தங்கும் உரிமை வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால், சில மாதங்களுக்குள் வேறு வேலை தேட வேண்டும். கிடைக்கவில்லை என்றால் வீடு, பள்ளிக்கூடம், சிநேகிதர்கள் எல்லாம் ஒரே நாளில் போய் விடும்.

மூன்றும் வெவ்வேறு நோய். மருந்தும் வேறுதான்!

பக்கத்து நாடா?

பலர் முதலில் நினைப்பது பக்கத்து நாட்டைத்தான். துபாய் கசந்தால் தோஹா, தோஹா கசந்தால் ரியாத்!

சம்பளம் கசந்தவருக்கு அது உதவலாம். பயத்தால் தூக்கம் இழந்தவருக்கு உதவாது. அங்கேயும் அதே கட்டுதான். வீட்டைத்தான் மாற்றுகிறார், நோயை அல்ல!

சிங்கப்பூர் எப்படி? அங்கே தமிழ் ஆட்சி மொழிகளில் ஒன்று. பள்ளியிலும் தமிழ் படிக்கலாம். தமிழுக்கு ஏங்கிய மனத்துக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் வேலை அனுமதி அங்கேயும் முதலாளியோடு சேர்ந்ததுதான். நிரந்தரக் குடியுரிமை கிடைத்தால்தான் பயம் தீரும். அது கேட்டவர்க்கெல்லாம் கிடைப்பதில்லை. பெற்றோர் வழியாக நிரந்தரக் குடியுரிமை பெறும் மகன், இரண்டு ஆண்டு தேசிய சேவையும் செய்தாக வேண்டும்.

கனடாவா?

கனடாவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைத்து விட்டால், வேலை போனாலும் நாட்டை விட்டுப் போக வேண்டாம். அரசாங்கப் பள்ளியில் பிள்ளைகள் கட்டணம் இல்லாமல் படிக்கலாம். பயம் கசந்தவருக்கு இது நல்ல மருந்து.

ஆனால் மருந்துக்கு விலை உண்டு!

தொழில் தெரிந்தவர்களை அங்கே மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். வயதுக்கும் மதிப்பெண் உண்டு. 20 முதல் 29 வயது வரை முழு மதிப்பெண். 30-லிருந்து குறையும். 45 வயது ஆகி விட்டால், வயதுக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது.

ஷார்ஜாக் கணவருக்கு 42. இன்னும் மூன்றே ஆண்டு!

அவசரப்பட்டு ஓட வேண்டும் என்று இதற்கு அர்த்தமா? இல்லை. யோசனையைத் தள்ளிப் போடக் கூடாது என்றுதான் அர்த்தம்.

அங்கே போனதும் பழைய பதவி கிடைத்து விடாது. உள்நாட்டு அனுபவம் கேட்பார்கள். கணக்கர் கடையில் நிற்க நேரலாம். டொரன்டோவில் வாடகை அதிகம். பனிக்காலம் நீளம். தனிமை கசந்து போகிறவருக்கு, அங்கே தனிமை இரண்டு மடங்கு ஆகலாம்.

நாளைக்கு அந்நாட்டுக் குடிமகன் ஆனால், இந்தியக் குடியுரிமை போய் விடும். 1955-ம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை வாங்கலாம். அதை வைத்து ஓட்டுப் போட முடியாது. விவசாய நிலமும் வாங்க முடியாது.

ஊருக்கே திரும்பினால்?

மனைவி சொல்லும் கும்பகோணத்துக்கு வருவோம்.

ஊருக்குத் திரும்புவது தோல்வி அல்ல. "போன மச்சான் திரும்பி வந்தான்" என்று கேலி பேசுகிறவர்கள் பேசட்டும். அவர்களா பள்ளிக் கட்டணம் கட்டப் போகிறார்கள்?

ஆனால் கணக்குப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

அமீரகத்தில் வேலை முடித்துக் கிளம்பும்போது பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். 14 ஆண்டுக்கு 375 நாள் சம்பளம் வரும். அடிப்படைச் சம்பளம் மாதம் 4,000 திர்ஹம் என்றால், கையில் வருவது 50,000 திர்ஹம்.

மொத்தமாகப் பார்த்தால் பெரிய தொகை! ஆனால் அது ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட அடிப்படைச் சம்பளம்தான். வந்த கையோடு கார் வாங்கி, மொய் எழுதி, மைத்துனருக்குக் கடை வைத்துக் கொடுத்தால், மறு ஆண்டே திரும்பவும் விசா தேடி அலைய வேண்டும்.

இன்னொன்று. 14 ஆண்டுக்கு முன் விட்டு வந்த ஊர் இன்று அங்கே இல்லை. சிநேகிதர்கள் மாறியிருப்பார்கள். மகனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பதே சிரமமாக இருக்கலாம். பெற்றோருக்கு அது சொந்த ஊர். பிள்ளைகளுக்கோ அதுவும் ஓர் அயல்நாடு!

பர்மாத் தமிழர் கதை

இதற்கு ஒரு வரலாறே சாட்சி.

1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள், கப்பல் கப்பலாகச் சென்னைக்கு வந்தார்கள். பிழைப்புக்காக அவர்கள் வைத்த கடைகள்தான் சென்னையின் பர்மா பஜார்.

வந்தவர்களில் பலர் பர்மாவிலேயே பிறந்தவர்கள். தாய்நாடு அவர்களுக்குப் புது நாடாக இருந்தது. மனம் ஒட்டவில்லை. சிலர் தரை வழியாகப் பர்மாவுக்கே திரும்பக் கிளம்பினார்கள். மணிப்பூரின் எல்லை வரை போனார்கள். எல்லைக்கு அப்பால் விடவில்லை!

முன்னே போக வழியில்லை. பின்னே வர மனமில்லை. எல்லையில் இருந்த மோரே என்ற ஊரிலேயே தங்கி விட்டார்கள். அங்கே அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டினார்கள். தமிழ்ச் சங்கமும் வைத்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு யோசிக்க நேரமே கொடுக்கப்படவில்லை. விரட்டப்பட்டவர்கள் அவர்கள்.

இன்று ஷார்ஜாவில் உட்கார்ந்து பேசும் தம்பதிக்கு நேரம் இருக்கிறது. அந்த நேரம்தான் அவர்களுடைய பெரிய சொத்து!

கதவைச் சாத்த வேண்டாம்

மோரே சொல்லும் பாடம் ஒன்றுதான். விட்டு வந்த கதவு மறுபடியும் திறக்கும் என்பது நிச்சயம் இல்லை. ஆகவே, புது வாசலில் கால் ஊன்றும் வரை பழைய கதவைச் சாத்தக் கூடாது.

அமீரகத்தில் சாதாரணக் குடியிருப்பு விசா உள்ளவர்கள், தொடர்ந்து ஆறு மாதத்துக்குள் வெளியே இருந்து திரும்பலாம். அந்த அவகாசத்தைப் பயன்படுத்தலாம். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வந்து போகும் விருந்தாளியாக அல்ல. மின்கட்டணம் கட்டி, பஸ்ஸில் நின்று, தாலுகா ஆபீஸ் வரிசையில் காத்திருந்து, ஒரு மாதம் குடியிருந்து பார்க்கலாம். அந்த ஒரு மாதம் சொல்லும் உண்மையை, ஆயிரம் பேர் சொல்லும் யோசனை சொல்லாது.

முடிவும் கணவர் ஒருவருடையதாக இருக்கக் கூடாது. புது ஊரில் அவருக்கு வேலை இருக்கும். பேச ஆள் இருப்பார்கள். நான்கு சுவருக்குள் தனியாக இருக்கப் போகிறவர் மனைவியாக இருக்கலாம். நடுவில் பாடத்திட்டம் மாறித் தவிக்கப் போகிறவள் மகள். யாருக்கு இழப்பு அதிகமோ, அவர் சொல்லுக்கு மதிப்பும் அதிகம் இருக்க வேண்டும்.

ஷார்ஜா வீட்டில் அந்த இரவு முடிவு ஒன்றும் ஆகவில்லை. மனைவி மகளின் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். நடுவில் ஒரு கோடு போட்டார். ஒரு பக்கம், "எது கசந்தது?" என்று எழுதினார். மறுபக்கம், "அது இல்லாத இடம் எது?" என்று எழுதினார்.

கணவர் பேனாவை வாங்கினார். வெயில் என்று எழுதப் போனார். எழுதவில்லை. சம்பளம் என்று எழுதப் போனார். அதையும் எழுதவில்லை. கடைசியில், "நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம்" என்று எழுதினார்.

மனைவி அதைப் படித்தார். "இதை இத்தனை நாள் சொல்லவே இல்லையே!" என்றார்.

மகள் பத்தாம் வகுப்பை அங்கேயே முடிக்கட்டும் என்பது மட்டும் அன்று உறுதியாயிற்று. அதற்குள் கனடாவுக்கு மனுப் போட்டுப் பார்க்கலாம். கும்பகோணத்தில் ஒரு மாதம் வாழ்ந்தும் பார்க்கலாம்.

வெறுப்பு ஒரு மனிதனை ஊரை விட்டுக் கிளப்பும். ஆனால் அது அவனை ஊர் கொண்டு போய்ச் சேர்க்காது.

சேர்ப்பது, குடும்பம் கூடி உட்கார்ந்து செய்கிற யோசனைதான்!