ஐடிஐ-க்கு ரூ.21,700... பி.இ-க்கு ரூ.56,100... டெக்னீசியன் சம்பளத்தில் எது நியாயம்?

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டால் அருவிக்கு மட்டும் சீசன் இல்லை. செங்கோட்டை கணவாய் வழியாக வீசும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் சுரண்டை, ஆலங்குளம், கடையநல்லூர் பக்கம் நிற்கும் காற்றாலைகளையும் சுற்ற வைக்கிறது. ஊரே அருவியில் நிற்கும் அந்த நேரத்தில், காற்றாலை டெக்னீசியன்களுக்கு வேலை உச்சத்தில் இருக்கும்.

நல்ல காற்று வீசும் நாளில் ஒரு சென்சாரோ, கண்ட்ரோல் பேனலில் ஒரு கார்டோ போய்விட்டால் மின் உற்பத்தி நின்றுவிடும். டிசைன் போட்டது இன்ஜினியர். கோபுரத்தில் ஏறி, கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது பெரும்பாலும் ஐடிஐ, டிப்ளமோ முடித்த டெக்னீசியன். புதிய காற்றாலைகளின் கோபுரங்கள் 80 மீட்டரைத் தாண்டும். இரண்டு பேரில் ஒருவர் இல்லையென்றாலும் காற்றாலை ஓடாது. ஆனால், இருவரின் சம்பளமும் ஒன்றல்ல.

வித்தியாசம் இருப்பதே தவறா? இல்லை, எவ்வளவு வித்தியாசம் இருந்தால் நியாயம்? விரிவாகப் பார்க்கலாம்.

இடைவெளி எவ்வளவு?

தனியார் நிறுவனங்கள் சம்பளக் கணக்கைப் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. அதனால் அரசு ஊதிய அட்டவணைதான் தெளிவான அளவுகோல். பக்கத்து மாவட்டமான திருநெல்வேலியில் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம் இருக்கிறது. 7-வது ஊதியக் குழுவின்படி இஸ்ரோவில் தொடக்க அடிப்படைச் சம்பளம் இதுதான்:

• டெக்னீசியன்-பி (10-ம் வகுப்பு, ஐடிஐ, எலக்ட்ரானிக் மெக்கானிக் உள்ளிட்ட பிரிவுகள்) - ரூ.21,700
• டெக்னிக்கல் அசிஸ்டென்ட் (முதல் வகுப்பு டிப்ளமோ) - ரூ.44,900
• சயின்டிஸ்ட்/இன்ஜினியர் எஸ்சி (பி.இ., பி.டெக்.) - ரூ.56,100

ஐடிஐ முடித்தவரைவிட இன்ஜினியருக்கு சுமார் 2.6 மடங்கு. இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. டிப்ளமோவுக்கும் டிகிரிக்கும் இடையே வித்தியாசம் ரூ.11,200 மட்டுமே. ஐடிஐ-க்கும் டிப்ளமோவுக்கும் இடையேதான் ரூ.23,200. பெரிய பள்ளம் இருப்பது அங்கேதான்.

ரயில்வேயிலும் இதே கதைதான். டெக்னீசியன் கிரேடு-3 பணிக்கு ரூ.19,900, சிக்னல் பிரிவு டெக்னீசியன் கிரேடு-1 பணிக்கு ரூ.29,200, டிப்ளமோ தகுதியுள்ள ஜூனியர் இன்ஜினியருக்கு ரூ.35,400.

ஆண்டுகள் போனால் சரியாகிவிடுமா?

ஆகாது. ஆண்டு ஊதிய உயர்வு 3 சதவீதம் என்பது எல்லோருக்கும் பொது. ஆனா, சதவீதம் ஒன்றாக இருந்தாலும் கையில் வரும் ரூபாய் ஒன்றல்ல. முதல் ஆண்டு உயர்வு டெக்னீசியனுக்கு ரூ.700 என்றால், இன்ஜினியருக்கு ரூ.1,700. அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் அடிப்படைச் சம்பளத்தின் சதவீதம்தான்.

பதவி உயர்வே கிடைக்கவில்லை என்று வைத்துக்கொண்டு ஊதிய அட்டவணையைப் பார்த்தால், ரூ.21,700-ல் சேரும் டெக்னீசியன் ரூ.44,900-ஐத் தாண்ட 25 ஆண்டுகள் ஆகும். ரூ.56,100-ஐத் தாண்ட 32 ஆண்டுகள். நடைமுறையில் பதவி உயர்வு உண்டு என்பதால் காத்திருப்பு குறையலாம். ஆனாலும், 18 வயதில் எடுத்த சான்றிதழ்தான் ஒருவர் எந்தப் படியில் ஏறத் தொடங்குகிறார் என்பதைத் தீர்மானிக்கிறது.

இதோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பார்க்கலாம். 2019 செப்டம்பரில் திருத்தப்பட்ட அப்ரண்டிஸ் விதிகளின்படி குறைந்தபட்ச மாத உதவித்தொகை ஐடிஐ-க்கு ரூ.7,000, டிப்ளமோவுக்கு ரூ.8,000, பட்டதாரிக்கு ரூ.9,000. பழகுநராக இருக்கும்போது ரூ.2,000 மட்டுமே வித்தியாசம். அது நிரந்தர வேலையில் 2.6 மடங்காகிறது.

இன்ஜினியர் தரப்பு வாதம் என்ன?

அதிலும் நியாயம் இருக்கிறது. நான்கு ஆண்டு படிப்பு, அதற்கான செலவு, அந்த ஆண்டுகளில் சம்பாதிக்காமல் விட்ட பணம். அதைவிட முக்கியமானது பொறுப்பு. ஒரு டிசைனில் தவறு நடந்தால் கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். கணக்கீடும் கோட்பாடும் தேவைப்படும் வேலைக்குக் கூடுதல் சம்பளம் தருவதை யாரும் குறை சொல்ல முடியாது.

பிரச்னை எங்கே வருகிறது என்றால், இருவரும் ஒரே வேலையைச் செய்யும்போது. சோதனைக் கூடத்தில் ஒரே சர்க்யூட் போர்டை, ஒரே கருவியை வைத்து, ஒரே ஷிஃப்டில் இருவரும் பரிசோதிக்கிறார்கள் என்றால் அங்கே சம்பளம் வேலைக்கா, சான்றிதழுக்கா?

சட்டம் என்ன சொல்கிறது?

நீதிமன்றங்கள் இரண்டு பக்கமும் பேசியிருக்கின்றன. சம வேலைக்கு சம ஊதியம் என்பது வெறும் ஏட்டுக் கோட்பாடு அல்ல, நடைமுறைப்படுத்தக்கூடிய அரசியல் சாசன இலக்கு என்று ரந்தீர் சிங் வழக்கில் 1982-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. டெல்லி போலீஸில் டிரைவராக இருந்த ஒரு காவலர் தொடர்ந்த வழக்கு அது. நிரந்தரப் பணியாளர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிகப் பணியாளருக்கும் அந்தப் பதவியின் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும் என்று 2016-ல் ஜக்ஜித் சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது.

அதே நேரம், 1970-களில் ஜம்மு காஷ்மீர் பொறியாளர்கள் தொடர்பான திரிலோகி நாத் கோசா வழக்கில், பதவி உயர்வுக்கு டிகிரி, டிப்ளமோ என்று பிரிப்பது செல்லும் என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆக, கல்வித் தகுதியை வைத்துப் பிரிப்பதே சட்டவிரோதம் என்று வாதிட முடியாது. வேலையும் பொறுப்பும் ஒன்றுதான் என்று நிரூபிக்க வேண்டும்.

தனியார் துறையில்? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்க திறனற்றவர், ஓரளவு திறன் பெற்றவர், திறன் பெற்றவர், உயர்திறன் பெற்றவர் என்று பார்க்கச் சொல்கிறது. அதாவது, அளவுகோல் டிகிரி அல்ல, திறன். ஆனால் அது அடித்தளத்தை மட்டுமே போடுகிறது. அதற்கு மேல் டெக்னீசியனுக்கும் இன்ஜினியருக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கலாம் என்பது நிறுவனத்தின் கையில்.

தென்காசியிலேயே ஒரு மாற்று வழி

தென்காசி அருகே மத்தளம்பாறையில் இயங்கும் ஸோஹோ நிறுவனம் பலருக்கும் தெரிந்த பெயர். 2005-ல் அந்த நிறுவனம் தொடங்கிய ஸோஹோ பள்ளி, பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, பயிற்சி முடிந்ததும் வேலையும் கொடுக்கிறது. டிகிரி கேட்பதில்லை. இது சாஃப்ட்வேர் துறை என்பதால் எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் சான்றிதழுக்குப் பதிலாக வேலையைப் பார்த்து ஆள் எடுக்க முடியும் என்பதற்கு உள்ளூரிலேயே ஆதாரம் இருக்கிறது.

ஜெர்மனியில் இதை நாட்டின் அமைப்பாகவே வைத்திருக்கிறார்கள். தொழிற்பயிற்சி முடித்து, அனுபவம் பெற்று, 'மைஸ்டர்' தேர்வில் தேறியவரின் தகுதி, அந்நாட்டின் தகுதிக் கட்டமைப்பில் இளநிலைப் பட்டத்தின் அதே 6-வது நிலையில் இருக்கிறது. கைத்தொழில் வழியாகவும் மேலே போகலாம் என்பதுதான் அதன் அர்த்தம்.

அப்போ என்ன செய்யலாம்?

மத்திய அரசு ஊழியர்களுக்கான 8-வது ஊதியக் குழு, நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் 2025-ல் அமைக்கப்பட்டது. அறிக்கை தர 18 மாதங்கள் அவகாசம். ஐடிஐ-க்கும் டிப்ளமோவுக்கும் இடையே உள்ள அந்தப் பள்ளத்தைச் சரிசெய்ய இது ஒரு வாய்ப்பு.

ஐடிஐ-யில் சேர நினைக்கும் மாணவர்கள் மூன்று விஷயங்களை மனதில் வைக்கலாம். இரண்டாண்டு ஐடிஐ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.-யிலும் அதே வசதி உண்டு. வேலையில் சேரும்போது நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும்; அதில் எந்தத் திறன் பிரிவு, என்ன வேலை என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாளைக்கு 'அதே வேலைதான் செய்கிறேன்' என்று சொல்ல வேண்டி வந்தால் அந்தக் கடிதம்தான் கைகொடுக்கும்.

இன்ஜினியர் சம்பளத்தைக் குறைக்க வேண்டும் என்று டெக்னீசியன்கள் கேட்கவில்லை. இருவரும் ஒரே சம்பளம் வாங்க வேண்டும் என்பதும் கோரிக்கை அல்ல. 15 வருஷம் கோபுரம் ஏறி இறங்கிய அனுபவம், ஒரு சான்றிதழ் அளவுக்காவது கணக்கில் வர வேண்டும் என்பதுதான் கேள்வி.