சுயேச்சை என்றால் யாருடைய ஆள்?

“ரெண்டு கழகமும் வேணாம் தோழர். இந்த முறை யாராவது ஒரு நல்ல சுயேச்சைக்குக் குத்திட்டு வந்துடலாம்.” விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் தம்பிகளும் கொளஞ்சியப்பர் கல்லூரியில் படிக்கும் தங்கைகளும் இதைச் சொல்லாத நாளில்லை. இந்தக் கோபத்தைத் தணிக்க நான் எழுதவில்லை. கோபம் நியாயமானது. அதைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவது என்பதில்தான் எனக்குத் தகராறு.

முதலில் கோபத்தின் கணக்கைப் பார்ப்போம்.

2003 ஜூலையில் நமக்குப் பக்கத்திலிருக்கும் புதுக்கூரைப்பேட்டையில், சாதி மீறிக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு தலித் இளைஞரையும் வன்னியர் பெண்ணையும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். அந்தப் பெயர்களை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வழக்கில் கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021 செப்டம்பரில். பதினெட்டு ஆண்டுகள்! அந்த இடைவெளியில் விருத்தாசலம் தொகுதி ஐந்து எம்.எல்.ஏ.க்களைப் பார்த்துவிட்டது. 2001இல் பாமக, 2006இலும் 2011இலும் தேமுதிக, 2016இல் அதிமுக, 2021இல் காங்கிரஸ். கோட்டையில் இரண்டு கழகங்களும் மாறி மாறி உட்கார்ந்தன. கொன்றவர்களோடு சேர்த்து, வழக்கைத் திரித்த காவல் அதிகாரிகளுக்கும் தண்டனை வாங்கித் தந்தது யார்? விடாமல் நின்ற குடும்பம், பொ. இரத்தினம் போன்ற வழக்கறிஞர்கள், சிபிஐ விசாரணை வேண்டுமென்று தெருவில் நின்ற இயக்கங்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அது நிலைத்தது.

ஆகவே, “எவன் வந்தா நமக்கென்ன” என்று சேரியில் ஒருவர் சொன்னால் அவருக்கு அரசியல் தெரியவில்லை என்று அர்த்தமில்லை. ரொம்ப நன்றாகத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் தோழர்களே, இந்தக் கோபத்தை நம் தொகுதி ஏற்கெனவே ஒரு தடவை பெட்டியில் போட்டுப் பார்த்திருக்கிறது. 2006இல் திமுக அணியும் வேண்டாம், அதிமுக அணியும் வேண்டாம் என்று விருத்தாசலம் விஜயகாந்தைத் தேர்ந்தெடுத்தது. அவர் சுயேச்சை இல்லை, கட்சி வைத்திருந்தார். ஆனால் மக்கள் போட்ட ஓட்டு நீங்கள் இன்று சுயேச்சைக்குப் போட நினைக்கும் அதே ஓட்டுதான். யாரோடும் கூட்டணி இல்லை, பழைய கறை இல்லை, வெளியிலிருந்து வந்த ஒரு புது ஆள். மாநிலம் முழுக்க அவர் கட்சி தனித்து நின்று ஜெயித்தது ஒரே ஒரு தொகுதியில். அது நம் தொகுதி.

பிறகு? 2011இல் அவரே அதிமுகவோடு கூட்டணி வைத்தார். விருத்தாசலத்தை விட்டுவிட்டு ரிஷிவந்தியத்துக்குப் போனார். 29 இடங்கள் பிடித்து எதிர்க்கட்சித் தலைவரானார். 2016இல் ஒரு இடமும் இல்லை. 2021இல் பிரேமலதா அதே விருத்தாசலத்தில் நின்று டெபாசிட் இழந்தார். நான் விஜயகாந்தை ஏச வரவில்லை. அவரும் மறைந்துவிட்டார். என் கேள்வி வேறு. 2006இல் இந்த ஊர் காட்டிய அவ்வளவு பெரிய கோபம் எங்கே போனது? அது ஓர் ஆளிடம் குடியிருந்தது. அந்த ஆள் தொகுதி மாறியபோது அதுவும் வீடில்லாமல் போயிற்று.

இப்போது சுயேச்சைக்கு வருவோம். சட்டத்தில் சுயேச்சை என்றால் கட்சியின் பெயரில் நிற்காதவர், அவ்வளவுதான். நேர்மையானவர் என்றோ, சாதி பார்க்காதவர் என்றோ, பணம் வாங்காதவர் என்றோ எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2017 டிசம்பரில் ஆர்.கே.நகரில் குக்கர் சின்னத்தில் ஜெயித்த டி.டி.வி. தினகரனும் சட்டப்படி சுயேச்சைதான். அவர் என்ன, சொந்தக்காலில் நின்ற ஏழை வேட்பாளரா? கட்சி உடைந்தபோது கிடைத்த பாதிதான் அந்தச் சுயேச்சை. அவர் பக்கம் சாய்ந்துவிட்டதாகச் சொல்லி 2019இல் சபாநாயகர் நோட்டீஸ் அனுப்பிய மூன்று அதிமுக எம்.எல்.ஏ.க்களில் நம் விருத்தாசலம் எம்.எல்.ஏ.வும் ஒருவர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

2024இல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றார். அவரோடு அதே பெயரில் இன்னும் ஐந்து பன்னீர்செல்வங்களும் சுயேச்சையாக நின்றார்கள். முன்னாள் முதலமைச்சரும் சுயேச்சை, அவர் ஓட்டைக் குழப்ப நின்றவர்களும் சுயேச்சை. அந்தச் சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம்.

உண்மையிலேயே ஏழையாக, தனியாக நிற்கும் சுயேச்சைக்கோ இந்த அமைப்பு கதவை இறுக்கிச் சாத்தி வைத்திருக்கிறது. 1996இல் மொடக்குறிச்சியில் 1033 பேர் வேட்பாளராக நின்று தங்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள். அரசு என்ன செய்தது? அவர்கள் குறையைக் கேட்பதற்குப் பதிலாக டெபாசிட்டை ஏற்றியது. சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்தது 5,000 ஆயிற்று, இப்போது 10,000. நமக்குப் பாதி. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். வேட்பாளர் செலவுக்கு உச்சவரம்பு உண்டு, கட்சி செலவழிக்க வரம்பே இல்லை. சின்னம் கையில் கிடைப்பது வேட்புமனு வாபஸ் முடிந்த பிறகு. மீதி இருப்பது இரண்டு வாரம்தான். 2011, 2016, 2021 ஆகிய மூன்று சட்டமன்றத் தேர்தல்களிலும் தமிழ்நாட்டில் ஒரு சுயேச்சைகூட ஜெயிக்கவில்லை. “அப்போ நோட்டா” என்கிறீர்களா? 2013இலிருந்து அந்தப் பொத்தான் இருக்கிறது. நோட்டாவே முதலிடம் வந்தாலும் அடுத்து வந்தவர்தான் எம்.எல்.ஏ.

“ஜெயிக்காட்டியும் பரவாயில்லை தோழர், கட்சி இல்லாத அரசியல் வந்தால் போதும்” என்று ஒரு வாதம் வருகிறது. இதற்குப் பதில் சொல்ல நாம் கோட்டைக்குப் போக வேண்டாம், நம் கிராமத்துக்குப் போனால் போதும். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலும் வார்டு உறுப்பினர் தேர்தலும் கட்சிச் சின்னம் இல்லாமல்தான் நடக்கின்றன. பூட்டு சாவி, ஆட்டோ என்று பொதுச் சின்னங்கள்தான். சட்டப்படி பார்த்தால் தலைவர்கள் எல்லோருமே சுயேச்சை. நீங்கள் கனவு காணும் கட்சியில்லாத ஜனநாயகம் அங்கே எப்போதோ வந்துவிட்டது. வந்து என்ன ஆயிற்று?

1996இல் மேலவளவு ஊராட்சி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. தலைவராக ஜெயித்த முருகேசனை 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து, உடன் வந்தவர்களோடு சேர்த்து வெட்டினார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து ஆண்டுகள், 2006 வரை, ஒழுங்காகத் தேர்தலே நடக்கவிடவில்லை. அவ்வளவு தூரம் ஏன், நம் கடலூர் மாவட்டத்துத் தெற்குத்திட்டையில் மக்கள் தேர்ந்தெடுத்த தலித் பெண் தலைவரை மன்றக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். 2020 அக்டோபரில் அந்தப் படம் வெளியே வந்த பிறகுதான் வழக்குப் பதிவானது. அவரைத் தரையில் உட்கார வைக்க எந்தக் கட்சியின் கொறடாவும் உத்தரவு போடவில்லை. ஊர் போட்டது.

இதுதான் நான் சொல்ல வருவது. கட்சி விலகிய இடம் காலியாகக் கிடப்பதில்லை. அங்கே சாதி வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதற்குக் கொடி வேண்டாம், உறுப்பினர் அட்டை வேண்டாம், தேர்தல் ஆணையத்தில் பதிவும் வேண்டாம். ஆயிரம் ஆண்டுகளாகக் கிளை வைத்திருக்கும் அமைப்பு அது. பின்னால் அமைப்பு இல்லாத ஒரு தலித், தனியாள் சுயேச்சையாக அதன் முன்னால் போய் நின்றால் யார் ஜெயிப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பாபாசாகேப்பை நினைத்துப் பாருங்கள். அவரைவிடப் படித்தவர், அவரைவிடச் சுயமரியாதை உள்ளவர் யார்? தனியாளாக நின்று பெயர் வாங்கியிருக்கலாம். அவர் 1936இல் கட்சி கட்டினார். அதற்கு வைத்த பெயரே சுதந்திரத் தொழிலாளர் கட்சி. 1942இல் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பு. சாகும் தறுவாயில்கூட இந்தியக் குடியரசுக் கட்சிக்கான திட்டத்தைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் பிரதிநிதியையும் மற்றவர்கள் ஓட்டுதான் தீர்மானிக்கிறது என்பது அவருக்குத் தெரியும். 1952இல் வடக்கு பம்பாயில் அவரே தோற்கடிக்கப்பட்டார். சுதந்திரம் என்பது ஒரு அமைப்பின் பலம் என்று அவருக்குப் புரிந்திருந்தது.

நம் பக்கத்துத் தொகுதியில் நடந்ததையும் பாருங்கள். 2001இல் திருமாவளவன் மங்களூர் தொகுதியில் உதயசூரியன் சின்னத்தில் ஜெயித்தார். இன்னொருவர் சின்னத்தில் ஜெயித்தால் இன்னொருவர் உறுப்பினர்தான். 2004இல் அந்தப் பதவியை அவர் ராஜினாமா செய்தார். 2019இல் சிதம்பரத்தில் பானைச் சின்னத்தில் நின்றார். அந்தப் பானை எங்கிருந்து வந்தது? சுயேச்சைகளுக்குக் கொடுக்கும் அதே பொதுச் சின்னப் பட்டியலிலிருந்து. 3,219 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். கூட்டணி ஓட்டு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு வாரத்தில் ஒரு புதுச் சின்னத்தைச் சேரி சேரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? இருபது முப்பது ஆண்டுகளாகக் கொடிக்கம்பம் நட்டு அடி வாங்கிய கூட்டம். விசிக கூட்டணிக்குள் எங்கெல்லாம் குரல் தாழ்த்துகிறது என்று கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். கேட்பதற்கு ஓர் அலுவலகமும், ஒரு மாவட்டச் செயலாளரும், மறிப்பதற்கு ஒரு மேடையும் இருக்கிறது இல்லையா? சுயேச்சை எம்.எல்.ஏ.வை எங்கே போய் மறிப்பீர்கள்? ஜெயித்த பிறகு அவர் ஒரு கட்சியில் சேர்ந்தால் பதவி போகும் என்கிறது கட்சித்தாவல் தடைச் சட்டம். சேராமல் வெளியிலிருந்து ஆதரவு கொடுத்து விலை பேசுவதை அது தடுக்கவில்லை.

அப்படியானால் கழகங்களுக்கே போடு என்கிறேனா? இல்லை. யாருக்குப் போடுவது என்பது உங்கள் முடிவு. சுயேச்சை உங்கள் தெருவுக்கு வந்தால் கைகுலுக்கி மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று, உங்களை முன்மொழிந்த பத்துப் பேர் யார்? அதில் எங்கள் தெருவிலிருந்து எத்தனை பேர்? இரண்டு, வண்டிக்கும் நோட்டீசுக்கும் பணம் யார் கொடுத்தது? மூன்று, நாளைக்கு ஒரு பையனும் பொண்ணும் சாதி மீறிக் கல்யாணம் பண்ணிக்கொண்டு உங்களைத் தேடி வந்தால், ராத்திரியோடு ராத்திரியாக அவர்களோடு ஸ்டேஷனுக்கு வருவீர்களா, இல்லை “ரெண்டு பக்கமும் பேசிப் பார்க்கலாம்” என்பீர்களா? இதே மூன்றையும் கட்சி வேட்பாளரிடமும் கேளுங்கள். அவர்களும் தப்பக் கூடாது.

அதைவிட முக்கியம், ஓட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள ஐந்து ஆண்டுகள். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி மாவட்ட அளவிலும் கோட்ட அளவிலும் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். விருத்தாசலம் ஒரு வருவாய்க் கோட்டம். இங்கே அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது, யார் யார் உறுப்பினர், எத்தனை வழக்கு பேசினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். செலவு பத்து ரூபாய். கிராமசபைக்குப் பத்துப் பேராகப் போய் தீர்மானப் புத்தகத்தில் உங்கள் தெருவின் கோரிக்கையை எழுத வையுங்கள். எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அடுத்த ஊராட்சித் தேர்தலில், ஒதுக்கீடு இல்லாத பொது வார்டில் உங்களில் ஒருவரை நிறுத்துங்கள். பத்துப் பேரும் அவர் பின்னால் நில்லுங்கள். ஜெயித்தால் அவரிடம் மாதம் ஒருமுறை கணக்குக் கேளுங்கள்.

அந்தப் பத்துப் பேர் நூறாகும்போது எந்தக் கட்சியும் உங்கள் தெருவைத் தேடி வரும். சின்னத்துக்காகவும் சீட்டுக்காகவும் நீங்கள் கைகட்டி நிற்க வேண்டியிருக்காது. கட்சியோடு போவதா, தனியாக நிற்பதா என்பதை அன்றைக்குப் பேசிக்கொள்ளலாம். அன்றைக்கு நீங்கள் நிறுத்தும் வேட்பாளர் சட்டப்படி சுயேச்சையாகவே இருக்கட்டும். யாருடைய ஆள் என்று கேட்டால் சொல்ல அவருக்கு ஒரு பதில் இருக்கும்.

ஜெய்பீம்.