சி.பி.டி. எண்ணெய் எடுத்துக்கொண்டு வண்டி ஓட்டுபவர்களுக்கு: பெங்களூர்த் தமிழ் மக்களிடம் ஒரு வேண்டுகோள்



நாங்கள் அல்சூர், மர்பி டவுன், ஈஜிபுரா, ஸ்ரீராமபுரம் பக்கம் குடியிருப்பவர்கள். ஆட்டோவும் கேபும் ஓட்டுகிறவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், மருந்துக்கடை வைத்திருப்பவர்கள், செவிலியர்கள் என்று சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். இடுப்பு வலிக்கும் தூக்கமின்மைக்கும் கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சி.பி.டி. எண்ணெயை நாக்குக்கு அடியில் சொட்டு விட்டுக்கொண்டு, அப்படியே வண்டியை எடுப்பவர்களைப் பார்க்கிறோம். கேட்டால், “ஆயுர்வேத மருந்துதானே, டாக்டர் சீட்டு இருக்கிறது, போலீஸ் ஊதச் சொன்னாலும் ஒன்றும் காட்டாது” என்கிறார்கள். மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். அதனால் மட்டும் வண்டி ஓட்டலாம் என்று ஆகிவிடாது.

1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாச் செடியின் பூவையும் பிசினையும் தடை செய்கிறது. தனியாகப் பறித்த இலையையும் விதையையும் விட்டுவிடுகிறது. அந்த இடைவெளியில்தான் ‘விஜயா’ என்ற பெயரில் இலைச்சாற்று மருந்துகள் ஆயுர்வேத உரிமத்தோடு விற்பனைக்கு வருகின்றன. 2020-ல் நம் கோரமங்கலாவிலேயே இதற்கென்று ஒரு கிளினிக் திறந்தார்கள். 2022-ல் பேகூர் போலீஸார் ஒருவரிடம் கஞ்சா இலையில் செய்யும் பாங்கு 29 கிலோ பிடித்த வழக்கில், பாங்கு அந்தச் சட்டத்தின் தடைக்குள் வராது என்று சொல்லி கர்நாடக உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. இந்தச் செய்தி பரவியபோது பலர், இனி எல்லாவற்றுக்கும் அனுமதி என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த வழக்கு கையில் வைத்திருப்பதைப் பற்றியது. சாலையில் நம்மைக் கேள்வி கேட்பது வேறொரு சட்டம்.

அது 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 185. மதுவுக்கு அதில் கணக்கு உண்டு: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். மற்ற மருந்துகளுக்கு அப்படி ஓர் எண் அந்தப் பிரிவில் இல்லை. வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு மருந்தின் பிடியில் இருந்தால் அதுவே குற்றம். மருத்துவர் எழுதிக் கொடுத்தது என்பதற்கு அந்தப் பிரிவு விலக்குத் தரவில்லை. முதல் முறை 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை 2 ஆண்டு வரை சிறை, 15,000 ரூபாய். ஊதும் கருவி மதுவை மட்டும்தான் கண்டுபிடிக்கும், சரி. விபத்து நடந்தபின் மருத்துவமனையில் எடுக்கிற ரத்தம் அதோடு நிற்காது. போதைப் பொருளின் பிடியில் ஓட்டியது தெரிந்தால் வண்டிச் சேதத்துக்கான இன்சூரன்ஸும் கைவிட்டுப் போகும். கடனில் வாங்கிய வண்டிக்குத் தவணை கட்டும் குடும்பத்துக்கு இது என்ன அடி என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

இனி உடம்பைப் பற்றி. சி.பி.டி. தனியாக இருந்தால் போதை தராது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் 26 பேருக்குக் கஞ்சா ஆவியைக் கொடுத்து நிஜ நெடுஞ்சாலையில் காரோட்டச் செய்தார்கள். முடிவு 2020-ல் வெளியானது. சி.பி.டி. மிகுந்த வகையை இழுத்தவர்கள் வெற்று ஆவி இழுத்தவர்களைப் போலவே நேராக ஓட்டினார்கள். டி.எச்.சி. என்ற போதைச் சத்து இருந்த வகைகளை இழுத்தவர்களின் கார் 40-வது நிமிடம் முதல் 100-வது நிமிடம் வரை நடந்த சோதனையில் தடத்துக்குள் அலைபாய்ந்தது, சி.பி.டி. சம அளவில் கலந்திருந்தும் அது காப்பாற்றவில்லை. நான்கைந்து மணி நேரம் கழித்து அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அது மூச்சில் இழுத்தது. விழுங்கிய எண்ணெய் மெதுவாக ஏறி, நெடுநேரம் நிற்கும். ஏறவில்லையே என்று இன்னும் நான்கு சொட்டு விட்டுக்கொள்வது இதனால்தான் ஆபத்து.

எனவே உங்கள் பாட்டிலில் டி.எச்.சி. எவ்வளவு என்பதே முதல் கேள்வி. விஜயா மருந்துகள் பலவற்றில் அது உண்டு; முழுச்சாறு என்று விற்பவற்றில் இருந்தே தீரும். லேபிளையும் அப்படியே நம்ப முடியாது. இணையத்தில் விற்ற 84 சி.பி.டி. பொருட்களை அமெரிக்காவில் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள்: எழுதியபடி சி.பி.டி. இருந்தது 26-ல்தான், 18-ல் டி.எச்.சி. இருந்தது. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் எண்ணெய் பூவிலிருந்து எடுத்ததாக இருந்தால், போதைப்பொருள் வழக்கே வரலாம். கடையில் உணவாக விற்கும் கஞ்சா விதை எண்ணெய் (ஹெம்ப் சீட் ஆயில்) வேறு. அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சுத்தமான சி.பி.டி.யும் அதிக அளவில் தூக்கம் வரவழைக்கும். வலிப்புக்குக் கொடுக்கும் குளோபசாம் மாத்திரையோடு சேர்ந்தால் அந்த மாத்திரையின் வேகத்தைக் கூட்டிவிடும். வலிப்புக்காக எண்ணெய் எடுப்பவர்களிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறோம்: ஓட்டுநர் உரிமத்துக்குக் கொடுக்கும் படிவம் 1 வலிப்பு உண்டா என்றுதான் முதலில் கேட்கிறது. ஓட்டலாமா என்பதை உங்கள் நரம்பியல் மருத்துவர் சொல்லட்டும்.

எண்ணெயை நிறுத்துங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. வலி எப்படிப்பட்டது என்று எங்களுக்கும் தெரியும். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தவன் இடுப்புக்கு மருந்து வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களும் அளவைக் கூட்டுபவர்களும் சில நாள் வண்டியைத் தொடாதீர்கள். இரவில் எடுத்துக்கொண்டு தூங்குங்கள். டி.எச்.சி. உள்ள எண்ணெய் எடுத்த இரவில் விமான நிலையச் சவாரியை ஏற்காதீர்கள். காலையில் தலை கனத்தால் அன்றும் வேண்டாம். மதுவோடும் தூக்க மாத்திரையோடும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். பின்சீட்டில் இருப்பது யாரோ ஒருவர் பெற்ற பிள்ளை.

எழுதிக் கொடுக்கும் வைத்தியர்களிடமும் விற்பவர்களிடமும் கேட்கிறோம்: “என்ன வேலை செய்கிறீர்கள்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இந்த வகை மருந்தின் மேல் மருத்துவக் கண்காணிப்பு எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எந்த மொழியில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும். இந்த ஊரில் ஆட்டோ ஓட்டும் எத்தனை பேர் அதைப் படிக்க முடியும்? கன்னடத்திலும் தமிழிலும், டி.எச்.சி. அளவோடு, வண்டி ஓட்டாதீர்கள் என்று பெரிய எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டித் தர உங்களுக்குப் பெரிய செலவு ஆகாது. மாநில ஆயுஷ் துறையும் போக்குவரத்துத் துறையும் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். கையெழுத்துப் போட ஓட்டுநர்கள் வர வேண்டும். கன்னடத்தில் பிழையில்லாமல் எழுதித் தர நண்பர்கள் வேண்டும். ஆட்டோ ஸ்டாண்டுகளில் தாள் வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பெங்களூர்த் தமிழ் ஓட்டுநர்களும் குடும்பத்தாரும்