தீவுகளுக்கும் நியாயம் வேண்டும்

அக்கிரமம் செய்யும் ஒரு அரசை அடக்குவதற்கு அதன் சொத்துக்களை முடக்குவதும், அதனோடு வாணிபம் நடத்துவோரைத் தண்டிப்பதும் தவறென்று நாம் வாதிக்கமாட்டோம். சுதந்திரம் கைக்கு வருமுன்னரே, 1946-இல், தென்னாப்பிரிக்காவில் இந்தியர்களுக்கு இழைக்கப்பட்ட நிறபேதக் கொடுமையைக் கண்டித்து அந்நாட்டுடன் வாணிபத்தை முறித்துக்கொண்ட தேசம் நம்முடையது. ஆயினும், பிரிட்டன் தன் பொருளாதாரத் தடைச் சட்டங்களைக் கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளின்மீது விதிக்கும் முறையைத் திருத்தியே ஆகவேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

2018-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தடைச் சட்டப்படி, லண்டனில் மன்னரின் பிரிவி கவுன்சில் ஆணை ஒன்று பிறந்தால் போதும். தடை விதிகள் அப்படியே, அல்லது சில மாற்றங்களுடன், தொலைதூரத் தீவுகளின் சட்டமாகிவிடுகின்றன. பெர்முடாவும் ஜிப்ரால்டரும் தமக்கென்று தாமே சட்டம் செய்துகொள்கின்றன. மற்றவற்றுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. முடக்கப்பட்ட பணத்திலிருந்து அத்தியாவசியச் செலவுக்கு ஒரு தொகையை விடுவிக்கவேண்டுமானாலும், தீவின் கவர்னர் லண்டன் மந்திரியின் சம்மதத்தை எதிர்பார்த்து நிற்கவேண்டும்.

ரஷ்யாவின்மீதான தடைகளை இத்தீவுகளுக்கும் நீட்டித்த 2020-ஆம் ஆண்டு ஆணையின் அட்டவணையில், டீகோ கார்சியா அடங்கிய பிரிட்டிஷ் இந்து மகாசமுத்திரப் பிரதேசமும் இடம்பெற்றிருக்கிறது. பூர்வகுடிகளை வெளியேற்றிவிட்டு ராணுவத் தளமாக்கப்பட்ட அந்தத் தீவுக்குத் தண்டனைச் சட்டம் தவறாமல் போய்ச் சேர்ந்தது. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையோ அங்கே நீட்டிக்கப்படவே இல்லை. 2021 அக்டோபரில் கனடாவை நோக்கிப் புறப்பட்டுப் படகு பழுதாகி அங்கே கரைசேர்ந்த இலங்கைத் தமிழர்கள், குழந்தை குட்டிகளோடு, எலிகள் குடியேறிய கூடாரங்களில், வேலிக்குள் காவலில் கிடந்தார்கள். அவர்களை அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று அப்பிரதேசத்தின் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்வதற்குள் மூன்றாண்டுகளுக்கு மேல் கடந்து 2024 டிசம்பர் வந்துவிட்டது. கொடுக்கவேண்டிய பாதுகாப்புக்குக் கடல் தடையாகவும், விதிக்கவேண்டிய தண்டனைக்குக் கடல் பாதையாகவும் இருப்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

தன்னைக் கேட்காமலே தன்மீது முடிவு திணிக்கப்படுவது நம் சென்னைக்குப் புதிய அனுபவமல்ல. 1939 செப்டம்பரில், இந்நாட்டுச் சட்டசபைகளில் ஒன்றோடேனும் கலந்தாலோசிக்காமல் வைசிராய் இந்தியாவை யுத்தத்தில் இழுத்துவிட்டதைக் கண்டித்து, அடுத்த மாதமே ராஜாஜியின் மந்திரிசபை பதவியை உதறியது. அப்பெரியவருக்கு நாஜிகளின்மீது அனுதாபம் இருந்ததில்லை. எனினும், காரணம் எவ்வளவு நல்லதாயினும், கேட்காமல் கட்டளையிடும் அதிகாரத்தை அவர் ஏற்கவில்லை.

கேமன் தீவுகளிலும் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளிலும் பெயர்ப்பலகைக் கம்பெனிகளின் பின்னே பணம் ஒளிந்துகொள்கிறதென்றும், உள்ளூர்ச் சபைகளைக் கேட்டால் தடைகள் ஓட்டையாகிவிடுமென்றும் சொல்வார்கள். இதில் உண்மை உண்டு. உடைமையாளர் யாரென்பதை மறைக்கும் வசதியை ஒழிப்பதில் நாமும் கண்டிப்பையே வேண்டுகிறோம். ஆகவே அவசர ஆணை உடனே அமலாகட்டும். ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குள் அத்தீவின் சபை அதை விவாதித்து ஏற்காவிட்டால் அது காலாவதியாகவேண்டும். சபையே இல்லாத டீகோ கார்சியா போன்ற இடங்களிலோ, அகதிகள் உடன்படிக்கையை நீட்டிக்காமல் எந்தத் தடை ஆணையையும் நீட்டிக்கலாகாது என்று 2018-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதப்படவேண்டும். அரசியலமைப்பு வரைவுக்குழுவில் பணியாற்றிய அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயர் வாழ்ந்த மயிலாப்பூரின் சட்டவல்லுநர்கள் இத்திருத்தத்தின் வாசகத்தை வகுத்துத் தரலாம். அதை லண்டனிடம் வற்புறுத்துவது புது டில்லியின் பொறுப்பு.